ஏழாவது செங்கல்

பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் பட்டது உன் தண்ணீர் பாட்டில்தான். மூடியில் ஆணியால் குத்திய ஓட்டை, அடியில் காய்ந்து ஒட்டிக்கொண்ட சிமெண்ட் பால். வெட்டும் மெஷின், வட்டக் கத்திகள், கண்ணாடி, மூக்குத்துணி எல்லாம் அதற்குக் கீழே இருந்தன. நனைந்த சிமெண்ட் தூளுக்கு ஒரு வாசம் உண்டு, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது மாதம் மூடிக் கிடந்தும் அது போகவில்லை. பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் உள்ளே வந்து, "காலி பாட்டிலை ஏன் மோந்துட்டிருக்கே?" என்றார். சும்மா என்றேன்.

நீ போனதிலிருந்து நான் மெஷினைத் தொடவில்லை. வந்த வேலைகளையெல்லாம் உடம்பு சரியில்லை என்று தட்டிக் கழித்துவிட்டேன். போன வாரம் வந்த போனை மட்டும் அப்படித் தட்ட முடியவில்லை. பாணேரில் நாம் அரைவட்டம் வெட்டினோமே, அந்தக் குடியிருப்பிலிருந்து பேசினார்கள். மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏற்றும் இடம் வைக்கிறார்களாம். கேபிள் போடுவதற்காகக் காங்கிரீட்டை ஐந்தடி நீளத்துக்கு உடைத்து, பதித்து, மறுபடி காங்கிரீட் போட்டு மூடியாகிவிட்டது. அந்த இடத்தில் மட்டும் ஓரத்துச் செங்கல் வரிசை இல்லாமல் மொட்டையாக இருக்கிறது, வந்து வெட்டித் தர முடியுமா என்று கேட்டார்கள்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

இடது பக்கம், கேட்டை ஒட்டி என்றார்கள். அதாவது என் பக்கம்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். என் வாழ்க்கையிலேயே பெரிய தப்பு அந்த ஐந்தடிக்குள்தான் கிடந்தது. யாரோ அதைக் கடப்பாரையால் உடைத்து வண்டியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கல்லின் மேல் எழுத்து அழியாது என்பார்களே, என் எழுத்து அழிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நாம் சந்தித்ததே ஒரு வளைவில்தான். நான் புனேவில் பாணேருக்குக் குடிவந்த புதிது. சமையல் மேடைக்குக் கிரானைட் பதிக்க ஏரவாடாவிலிருந்து ஆள் வரும் என்றார்கள். வந்தது நீ. சல்வாருக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துப்பட்டா, தோளில் மெஷின். அப்பாவின் கல் பட்டறையில் அண்ணன்மார் யாரும் நிற்காததால் வெட்டும் வேலை உன் கைக்கு வந்தது என்று பிறகு சொன்னாய். மேடையின் மூலையை வட்டமாக உருட்டித் தர முடியுமா என்று உன்னிடம் என் ஓட்டை இந்தியில் மன்றாடிக்கொண்டிருந்தபோது, கோயம்புத்தூரிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டார்.

"அப்புறம் கூப்பிடறேனுங்மா. இங்க ஒரு பொம்பளை கல்லு வெட்ட வந்திருக்குது. நாஞ் சொல்றது அதுக்கு ஒண்ணும் புரியமாட்டேங்குது" என்றேன்.

நீ மெஷினைக் கீழே வைத்தாய்.

"தமிழு நல்லா புரியுது. நீ பேசுற இந்திதான் புரியல" என்றாய்.

அன்றைக்கு எனக்குப் போன மானம் இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால் உன்னையும் அன்றைக்குத்தான் பிடித்துப்போனது.

உன் தமிழ் எனக்குப் பழக ஆறு மாதம் ஆயிற்று. வேலூர்ப் பக்கத்துப் பேச்சு புனேவுக்கு வந்து மூன்று தலைமுறையாக மராத்தியில் ஊறியிருந்தது. ஒரே வாக்கியத்தில் "இன்னா"வும் வரும், "நக்கோ"வும் வரும். தமிழ் எழுத்து உனக்கு ஒன்றுகூடத் தெரியாது. எண்ணுவது, கூட்டுவது, கழிப்பது, திட்டுவது நான்கும் மராத்தியில்தான். நான் பழக்க தோஷத்தில் "வாங்க, சொல்லுங்க" என்றால், "நான் இன்னா உன் மாமியாரா?" என்பாய். நீயோ என்னைக் கடைசிவரை பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "கோயம்புத்தூரு" என்பதே என் பெயராகிவிட்டது.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு பொறியாளர் அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தவள் நான். உனக்கு அது தெரிந்ததும், "நீ வளைவு வரைவே, நான் வெட்டுவேன். இன்னா சொல்றே?" என்றாய். பாணேர் பங்களாக்காரர்களுக்குத் தோட்டத்துப் பாதையில் செங்கல் ஓரம் வேண்டும். ஆனால் நிஜச் செங்கல் பதித்தால் ஒரு மழையில் ஒன்று உள்ளே போகிறது, ஒன்று மேலே வருகிறது, நடுவில் புல் முளைக்கிறது. அதனால் காங்கிரீட் தரையின் ஓரத்திலேயே செங்கல் வரிசை போலக் கோடு வெட்டி, காவி நிறச் சாயம் பூசிவிடுவது. நேர்ப்பாதை என்றால் யார் வேண்டுமானாலும் வெட்டலாம். வளைவு என்றதும்தான் நம்மைத் தேடினார்கள்.

வளைவில் ஒரு செங்கலும் செவ்வகமாக இருக்காது. வெளி ஓரத்தில் அகலமாகவும் உள் ஓரத்தில் கொஞ்சம் ஒடுங்கியும் இருக்கும். வட்டத்தின் நடுவில் ஒரு முளை அடித்து, அதில் கயிறு கட்டி, கயிறு காட்டும் திசையில்தான் ஒவ்வொரு குறுக்குக் கோடும் போக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வளைவை முழுக்க அளந்து சரியாகப் பங்கு போடுவது. "கடைசிச் செங்கல்லு முழுசா விழணும். அரையா விழுந்தா அளந்தவ கழுதை" என்பது உன் சட்டம். நீளமான வளைவுக் கோடுகள் இரண்டும் உன் வேலை. வளையும் பட்டை ஒன்றைத் தரையில் படுக்க வைத்து, அதையொட்டி மெஷினைப் பிடித்துக்கொண்டு, குத்த வைத்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து போவாய். தூள் பறக்காமல் நான் பக்கத்தில் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே வருவேன். குறுக்குக் கோடுகள் என் வேலை. அப்போது பாட்டில் உன் கையில்.

வெட்டின கோடு உள் வளைவைத் தொட்டதும் நிற்க வேண்டும். நான் ஆரம்பத்தில் அடிக்கடி ஒரு நூல் தாண்டிவிடுவேன். "கோடு நிக்கணும்டி. தாண்டிச்சின்னா அது கோடு இல்ல, கீறல்" என்பாய். நீ வெட்டிய ஒரு கோடு தாண்டி நான் பார்த்ததே இல்லை. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

பங்களாக்களின் பின்பக்கம் சின்னச் சின்னப் பாதைகள் வெட்டிக்கொண்டிருந்த நமக்கு, நாலு பேர் பார்க்கும் இடத்தில் கிடைத்த முதல் வேலை அந்த அரைவட்டம். கேட்டில் நுழைந்து, நடுத் தோட்டத்தைச் சுற்றி, கார்கள் திரும்பி நிற்கும் பெரிய வளைவு. அந்தக் குடியிருப்பின் செயலாளர் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர், அவர் சொல்லித்தான் வந்தது. என் வீட்டுக்காரர் அதற்கு முந்தின வாரம்தான், "இதெல்லாம் பொழுதுபோக்குக்குச் சரி. உருப்படியா ஒரு ஆபீஸ் வேலை பாரேன்" என்று சொல்லியிருந்தார். இது சரியாக வந்தால் அவர் வாயை மூடலாம், வராவிட்டால் நான் மூட வேண்டும். எனக்கு அன்றைக்கு அதுதான் உலகம்.

அங்கே தலைவர் ஒரு ஓய்வுபெற்ற மராத்திக்காரர். கணபதி பண்டிகை வருவதற்குள் முடிய வேண்டும், அந்த வளைவில்தான் பந்தல் போடுவோம் என்று மணிக்கு ஒரு தடவை குடையோடு வந்து சொல்லிவிட்டுப் போவார். என்னை "மேடம்" என்பார், உன்னை, வேலைக்கு வரும் பெண்களை அங்கே கூப்பிடுவது போல, "பாய்" என்பார். எனக்குப் பீங்கான் கோப்பையில் டீ வரும், உனக்குக் காகிதக் கோப்பையில். "கழுவுற வேல இல்ல, மஸ்த்" என்று சொல்லி நீ குடித்துவிட்டுக் கசக்கிப் போட்டுவிட்டாய். எனக்குத்தான் அந்த டீ இறங்கவில்லை. ஆனாலும் குடித்தேன்.

அவசரத்தால் அன்றைக்கு இரண்டு மெஷின். நீ நாடாவை வைத்து வெளி வளைவை அளந்து, மராத்தியில் முணுமுணுத்துக் கணக்குப் போட்டுவிட்டு, உள் வளைவின் கோட்டை வெட்டத் தொடங்கினாய். முக்கால்வாசி தூரம் போனதும் அங்கிருந்தே தலையைத் தூக்கி, மெஷின் சத்தத்துக்கு மேல் எனக்கு அகலம் சொன்னாய்.

"பாவ்ணே சார்!"

காய்கறிக் கடையில் "பாவ்" என்றால் கால் கிலோ, "பாவுண்" என்றால் முக்கால் கிலோ என்று எனக்குத் தெரியும். "சார்" என்றால் நான்கு. முக்காலும் நான்கும் காதில் விழுந்தன. தமிழ்க் காது என்ன செய்யும்? நாலே முக்கால் என்று சேர்த்துக்கொண்டது. இடது ஓரத்தில் கேட்டருகே உட்கார்ந்து, தரையை நனைத்து, நாலே முக்கால் அங்குலத்துக்குக் குறி போட்டு வெட்ட ஆரம்பித்தேன். நன்றாக வந்தது. ஏழாவது கோடு வெட்டும்போது எனக்கே பெருமையாக இருந்து, நீ பார்க்கிறாயா என்று தலையைத் திருப்பினேன். அந்த ஒரு நொடியில் கத்தி உள் வளைவைத் தாண்டி ஒரு விரல்கடை தூரம் போய்விட்டது. சரி, ஒன்றுதானே என்று மேலே போனேன். பதினோராவது முடிந்தபோது உன் நிழல் விழுந்தது.

நீ குனிந்து ஒரு செங்கல்லின் மேல் கையை விரித்து வைத்தாய்.

"எவ்ளோ வெச்சே?"

"நாலே முக்கால். நீதான சொன்னே?"

"நான் சொன்னது பாவ்ணே சார்."

"அதேதான். முக்கால், நாலு."

நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். மராத்தியில் அது நாலுக்குக் கால் குறைவு, அதாவது மூணே முக்கால் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஒவ்வொரு செங்கலும் ஒரு அங்குலம் கூடுதல், பதினோரு செங்கல். காங்கிரீட்டில் வெட்டியதை அழிக்க ரப்பர் கிடையாது. நீ திட்டுவாய் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"அர்ரே தேவா. அதான் நீ எல்லா எடத்துக்கும் ஒரு மணி நேரம் லேட்டா வந்துக்கினு இருக்கியா?"

சங்கராந்திக்கு உன் வீட்டு மஞ்சள் குங்குமத்துக்கு நீ "பாவ்ணே பாச்" என்று அழைத்திருந்தாய். நான் ஐந்தே முக்காலுக்குப் பட்டுப்புடவையில் வந்து நின்றேன். நீ அப்போது ஜமக்காளத்தை மடித்துக்கொண்டிருந்தாய். அது இருவருக்கும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்து நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் குடை வந்து நின்றது.

தலைவர் செங்கற்களைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்தார். என்னை அவர் பார்க்கவே இல்லை. பாணேர் மேடமும் ஏரவாடா பாயும் நிற்கிற இடத்தில் தப்பு யாருடையது என்று அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். செயலாளர் முகம், வீட்டுக்காரர் முகம் எல்லாம் வந்தன. மூடிக்கொண்டேன்.

"மாஜீ சூக், சாஹேப்" என்றாய். என் தப்புதான் ஐயா.

படித்த மேடம் பக்கத்தில் இருக்கிறாரே, கேட்டுச் செய்யத் தெரியாதா என்று அவர் உன்னை நிற்க வைத்துத் திட்டினார். நீ தலையை ஆட்டிக்கொண்டு நின்றாய். என் காது கொதித்தது. அவ்வளவுதான், காது கொதித்ததே தவிர வாய் திறக்கவில்லை. மொத்தத்தையும் பெயர்த்து எடு என்று அவர் சொன்னபோது, சாயங்காலம் வரை நேரம் கேட்டு வாங்கினாய்.

சிமெண்ட் பை ஒன்றைக் கிழித்து அதன் பின்னால் கணக்குப் போட்டாய். இந்தப் பக்கம் பதினொன்று அகலம் என்றால் அந்தப் பக்கமும் பதினொன்று அகலம். மொத்தத்தில் ஆறு செங்கல் குறையும், அரை அங்குலம் மிஞ்சும். அந்த அரை அங்குலத்தை நடுவிலுள்ள செங்கற்களுக்கெல்லாம் மயிரிழை மயிரிழையாகப் பங்கு போட்டுவிடலாம்.

"ஒரு தடவ பண்ணா தப்பு. ரெண்டு தடவ பண்ணா டிசைன்" என்றாய். "அந்தப் பக்கத்த நானே வெட்டுறேன். நீ வூட்டுக்குப் போ."

நான் போனேன். நீ வெட்டியதைப் பக்கத்தில் நின்று பார்க்கக்கூட இல்லை. மறுநாள் வந்து நடுவில் உள்ளதை மூணே முக்காலில் வெட்டினேன். வலது ஓரத்துக்குச் சாயம்கூட நீயேதான் பூசினாய். முடிந்தபோது சேலைக்கு இரண்டு பக்கமும் முந்தி வைத்தது மாதிரி இருந்தது. தலைவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துவிட்டுப் பந்தல்காரர்களை வரச் சொன்னார். கணபதி வந்து உட்கார்ந்தார். அடுத்த மாதமே பக்கத்துக் குடியிருப்பில், "அங்கே மாதிரி ஓரத்தில் அகலம் வைத்து வேண்டும்" என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு உன்னிடம் எத்தனையோ தடவை பேச்சை எடுத்தேன். ஒருமுறை ஆட்டோவில் பிம்ப்ரிக்குப் போகும்போது நேராகவே கேட்டேன், "அன்னைக்கு நீ ஏன் உன் தப்புன்னு சொன்னே?"

"என் பேர்ல போட்டா அந்தாளு ஒரே நிமிசத்துல நம்பிட்டாரு. உன் பேர்ல போட்டா வெளக்கம் சொல்லணும். கணபதி வந்துக்கினு இருந்தாரு, டைம் எங்க?" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அந்தச் சிரிப்பில் நான் பாட்டுக்குத் தப்பித்துக்கொண்டேன். ஆனால் ஒன்று செய்தாய். அன்றிலிருந்து அளவெல்லாம் எனக்குத் தமிழில்தான் வந்தது. "மூணே முக்காலு! மூணு, அப்புறம் முக்காலு! புரிஞ்சுதா கோயம்புத்தூரு?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவாய். "ஒண்ணே கால்" என்பதை "ஒண்ணேகா" என்று முழுங்குவாய். எனக்காகத் தமிழில் எண்ணக் கற்றுக்கொண்டவள் நீ ஒருத்திதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது உனக்குத் தெரியாது. அந்த அரைவட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், "உன் சிநேகிதி சொதப்பினதை நீ எப்படியோ சமாளிச்சுட்டே. உனக்குள்ள ஒரு இன்ஜினியர் இருக்கா" என்றார். ஆபீஸ் வேலை பேச்சை அதோடு விட்டார். தப்பை உனக்குக் கொடுத்து, உன் யோசனையை எனக்குக் கொடுத்துவிட்டார். நான் அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் அந்தச் சோற்றை இத்தனை வருஷம் தினமும் சாப்பிட்டேன்.

நீ போனபோது நான் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகக் கோயம்புத்தூரில் இருந்தேன். வெறும் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தாய். உன்னை எடுக்கிற நேரத்தை உன் அண்ணன் போனில் சொன்னார், "பாவ்ணே பாரா". இந்த முறை எனக்குச் சரியாகப் புரிந்தது. பதினொன்றே முக்கால். புரிந்து என்ன, வந்து சேர வழியில்லை. கடைசி வரைக்கும் உன் வீட்டுக்கு நான் லேட்தான்.

நேற்றுக் காலையில் பெட்டியோடு போனேன். புதுக் காங்கிரீட் நான்கு நாள் காய்ந்து, சாம்பல் நிறத்தில் ஒன்றும் எழுதாத சிலேட்டாகக் கிடந்தது. தலைவர் இன்னும் அவரேதான். குடைக்குப் பதில் ஊன்றுகோல். "பாய் எங்கே?" என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு தண்ணீர் யார் ஊற்றுவார்கள் என்று கேட்டு, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, உன் பாட்டிலைத் தானே வாங்கிக்கொண்டார்.

இதைவிட்டால் நேரம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. மனப்பாடம் செய்து வைத்திருந்த மராத்தியில் சொன்னேன். இங்கே இருந்த அகலச் செங்கல் தப்பாக வெட்டியது. வெட்டியது பாய் இல்லை, நான். திட்டு வாங்கியது மட்டும்தான் அவள்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தப்பா? என்ன மேடம் சொல்கிறீர்கள், அது நான் சொல்லி வைத்த டிசைன் அல்லவா? எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேனே" என்றார்.

நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார். உன்னைத் திட்டியது, பெயர்த்து எடு என்றது எதுவும் அவர் நினைவில் இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று இத்தனை வருஷம் கழித்துப் போனால், கதவு இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நீ இருந்திருந்தால் உருண்டிருப்பாய்.

சரி, வேலையைப் பார்ப்போம் என்று முளை அடித்துக் கயிறு கட்டினேன். உன் வேலையான வளைவுக் கோடுகளை உன்னைப் போலவே குத்த வைத்து, பட்டை வைத்து வெட்டினேன். கோணவில்லை. குறுக்குக் கோடு என்றதும் மனம் கணக்குப் போட்டது. அகலச் செங்கல் பதினொன்று இருந்த இடத்தில் மூணே முக்காலில் பதினான்கு விழும். கால் அங்குலம்தான் இடிக்கும். இவ்வளவு லட்சணமாகக் கணக்கு உதவிக்கு வருமா? இந்தப் பக்கத்தைச் சரியாகவே வெட்டிவிட்டால் நான் தப்பே செய்யாதவள் ஆகிவிடுவேன். சாக்பீஸால் மூன்று குறிகூடப் போட்டுவிட்டேன்.

எழுந்து இடுப்பை நிமிர்த்தியபோது எதிர்க்கோடி கண்ணில் பட்டது. உன் பதினொன்று. இங்கே சரியாகிவிட்டால் அங்கே அவை மட்டும் அகலமாக, ஜோடி இல்லாமல் நிற்கும். வருகிறவர்கள் போகிறவர்கள் அளவு தெரியாமல் யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்பார்கள். யாரோ என்ன, அது உன் கை. எனக்காக நீ ஒப்புக்கொண்ட தப்பு இந்த முறை நிஜமாகவே உன்னுடையதாகிவிடும். அதைச் செய்ய நான் சாக்பீஸை எடுத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஈரத்துணியால் மூன்று குறியையும் துடைத்தேன்.

என் பக்கம் உடைந்து போய்விட்டதால் இனி உன் பக்கத்தைப் பார்த்துத்தான் அளவு எடுக்க வேண்டும். வலது கோடிக்குப் போய் மண்டியிட்டேன். இத்தனை வருஷ அழுக்கு கோடுகளில் அடைந்திருந்தது. தலைவர் நாற்காலியோடு வந்து தண்ணீர் ஊற்ற, நான் தென்னந்துடைப்பக் குச்சியால் ஒவ்வொரு கோடாகக் கீறிச் சுத்தம் செய்தேன். நாலே முக்கால், நாலே முக்கால் என்று துல்லியமாக வந்துகொண்டிருந்தது. ஏழாவது கோட்டில் குச்சி நிற்கவில்லை. உள் வளைவைத் தாண்டிப் போயிற்று.

விரிசல் என்றுதான் நினைத்தேன். விரிசல் நேராகப் போகாது. துணியால் துடைத்துவிட்டு விரலை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு விரல்கடை.

கோட்டைத் தாண்டாத கை உன்னுடையது. ஓரத்திலிருந்து எண்ணி, என்னுடையது எந்த இடத்தில் தாண்டியதோ அதே ஏழாவதில், எவ்வளவு தாண்டியதோ அவ்வளவே தாண்டி வெட்டியிருக்கிறாய். என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என் பக்கத்துக்கு வந்து அளந்து பார்த்திருக்கிறாய். இனி யார் வந்து குனிந்து பார்த்தாலும் எது தப்பில் வெட்டியது, எது பார்த்து வெட்டியது என்று சொல்ல முடியாது. இதை நீ யாருக்கும் சொல்லவில்லை. ஆட்டோவில் நான் கேட்டபோதுகூடச் சொல்லவில்லை. நான் ஒருநாளும் அங்கே மண்டியிட்டுப் பார்க்கவும் இல்லை.

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். என் கண்ணில் தூள் விழுந்துவிட்டது என்று நினைத்துத் தலைவர் உன் பாட்டிலை என் முகத்தின் பக்கம் நீட்டினார். அந்த ஆணி ஓட்டைத் தண்ணீரில்தான் கண்ணைக் கழுவினேன்.

அப்புறம் என் பக்கத்துக்கு வந்து வெட்டினேன். ஆறு வரைக்கும் தடையில்லை. ஏழாவதில் கத்தி உள் வளைவைத் தொட்டதும் கை தானாக நின்றுவிட்டது. நீ பழக்கிய கை, தாண்டமாட்டேன் என்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ள வேண்டியிருந்தது. தெரியாமல் தாண்டுவதற்கு ஒரு நொடி போதும். தெரிந்தே தாண்ட எவ்வளவு பலம் வேண்டும் என்று நேற்றுத்தான் தெரிந்தது. உனக்கு என்னைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும்.

தலைவர் எட்டிப் பார்த்து, "மேடம், ஒரு கோடு வெளியே போய்விட்டதே" என்றார்.

அந்தப் பக்கத்தில் ஏழாவதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு போனார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து, ரொம்பத் திருப்தியாக, "டிசைன்" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாவ்ணே சார், பதினொன்று, நீ வாங்கிய திட்டு, உன் யோசனை, ஒன்று விடாமல். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அந்தம்மா இருந்தப்பவே சொல்லியிருந்தா நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே" என்றார். அந்த ஒரு வார்த்தையை இனி நான்தான் சுமக்க வேண்டும், வேறு வழியில்லை. இன்றைக்குக் காலையில் நான் சாயம் பூசப் புறப்பட்டபோது அவரும் செருப்பை மாட்டினார். அங்கே போய் முதலில் உன் பக்கம்தான் நடந்தார். பேண்ட்டை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மண்டியிட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணி, ஏழாவதில் விரலை வைத்துப் பார்த்தார்.

பாட்டிலை மறுபடி பெட்டியில் போடவில்லை. அது இப்போது சமையல் மேடையில், நீ உருட்டிக் கொடுத்த மூலையில் இருக்கிறது. திங்கட்கிழமை ஒரு புது வேலைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன், சின்ன வளைவுதான். அளவை நானே எனக்குக் கத்திச் சொல்லிக்கொள்வேன், மூணு, அப்புறம் முக்காலு என்று. நீ கற்றுக்கொடுத்ததையெல்லாம் அப்படியே வைத்திருக்கிறேன், ஒன்றைத் தவிர. தாண்டினால் அது கோடு இல்லை, கீறல் என்பாய். அதை மட்டும் இனி நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.